அண்ணாச்சி, அது வெறும் க்ரீம் இல்ல

1/
“அண்ணாச்சி, படர்தாமரைக்கு அந்த ட்யூப் ஒண்ணு குடுங்க.”
“கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. முகம் பளிச்சுனு ஆகுற க்ரீம் இருக்கா?”
“முட்டி வலிக்குப் போன தடவை குடுத்த செட் மாத்திரையே குடுத்துருங்க.”
மூணு பேர், மூணு தொந்தரவு. வாங்கிட்டுப் போற பொருளுக்குள்ள பல நேரம் ஒளிஞ்சிருக்கிறது ஒண்ணுதான்: ஸ்டீராய்டு. நீளமான த்ரெட் இது. கோபத்தோடதான் எழுதறேன். முழுசாப் படிங்க.

2/
நான் சொல்ல வர்றது இதுதான். ஸ்டீராய்டு மற்ற மருந்துகள் மாதிரி மேலோட்டமா வேலை செய்கிற ஆள் கிடையாது. உங்க செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய், எந்த ஜீன் படிக்கப்படணும், எந்த ஜீன் மூடப்படணும் என்பதை மாற்றி எழுதுகிற மருந்து. அவ்வளவு பெரிய அதிகாரத்தை சீட்டு இல்லாமல், பெயர் சொல்லாமல், கவுன்ட்டரில் தூக்கிக் கொடுக்கிறோம். வாங்குகிறவருக்கும் தெரியாது. விற்கிறவர்களில் பலருக்கும் தெரியாது.

3/
இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் முத்துச்சிப்பியை விட நல்ல வாத்தியார் கிடையாது.
சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்று ஆச்சிமார் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். அழகான கதை. ஆனா இதே தூத்துக்குடியில், 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமியும் அவர் குழுவும் மழைத்துளியே இல்லாமல் முத்தை உருவாக்கிக் காட்டினாங்க. மன்னார் வளைகுடாவில் நம்ம கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்புக் காலம் 1961-ல் முடிஞ்சு போய், பன்னிரண்டு வருஷம் கழிச்சு.

4/
எப்படிச் செய்தாங்க?
சிப்பியின் ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு மேன்டில் என்று ஒரு சவ்வு இருக்கு. ஓட்டைக் கட்டுவதே அதுதான். ஒரு சிப்பியிலிருந்து அந்தச் சவ்வில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுக்கணும். இன்னொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள், ஓட்டில் கடைந்த ஒரு மணியோடு சேர்த்து அந்தத் துண்டை வைக்கணும். துண்டிலிருக்கும் செல்கள் பெருகி மணியைச் சுற்றி ஒரு பை கட்டும். அந்தப் பை மணி மேல் அடுக்கடுக்காக முத்துப்பூச்சைச் சுரக்கும்.
மணியை மட்டும் வைத்தால் முத்து வராது. துண்டு வேணும்.

5/
இங்கே நின்னு யோசிங்க.
ஒரு சிப்பியின் எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். தசையிலும் அதே, செவுளிலும் அதே, மேன்டிலிலும் அதே. ஆனா தசைத்துண்டை வைத்தால் முத்து கிடைக்காது. மேன்டிலுக்குள்ளேயே பாருங்க: ஓரத்துச் செல்கள் ஓட்டின் வெளி அடுக்குக்கான பொருளைச் செய்யும், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் செல்கள்தான் பளபளக்கும் உள் அடுக்கைச் செய்யும். அதனாலதான் ஓரத்தைக் கத்தரிச்சு விட்டுட்டு உள்பகுதியை எடுப்பாங்க.
புத்தகம் ஒண்ணு. படிக்கிற பக்கம் வேற வேற.

6/
எந்தப் பக்கத்தைப் படிக்கணும்னு யார் முடிவு பண்றது?
புரதங்கள். டி.என்.ஏ. தானாக எதையும் செய்யாது. ஒரு ஜீன் வேலை செய்யணும்னா முதலில் அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கணும். படியெடுக்கும் எந்திரத்தின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அது எங்கே உட்காரணும், எப்போ புறப்படணும் என்பதை வேறு சில புரதங்கள்தான் தீர்மானிக்கின்றன. நம்ம உடம்பில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் சுமார் 20,000. அதில் சுமார் 1,600 ஜீன்களுக்கு இந்த மேலாளர் புரதங்களைத் தயாரிப்பதே வேலை. படியெடுப்புக் காரணிகள் என்று இவற்றுக்குப் பெயர்.

7/
நம்ம வ.உ.சி. துறைமுகத்தை நினைச்சுக்கோங்க. கப்பல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் தானா உள்ளே வந்து தளத்தில் கட்ட முடியாது. பைலட் ஏறணும், இழுவைப் படகு வரணும், கரையில் கயிறு பிடிக்க ஆள் நிக்கணும்.
பாலிமரேஸ்தான் கப்பல். ஜீனின் தொடக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ. பகுதிதான் கப்பல் கட்டும் தளம். கயிறு பிடிக்கிற புரதங்கள் எல்லா செல்லிலும் பொதுவானவை. ஆனா “இந்தக் கப்பலை இந்தத் தளத்துக்குக் கொண்டு வா” என்று குறிப்பாகச் சொல்கிற பைலட் புரதங்கள் செல்லுக்குச் செல் மாறும். “இங்கே கட்டாதே” என்று தடுக்கிற புரதங்களும் உண்டு.

8/
இன்னொரு சிக்கல். ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அதைச் சுருட்டி வச்சிருக்கு, கரையில் வலையைச் சுருட்டி வைப்பது போல. சுருட்டின இடத்தில் பைலட்டால் கை வைக்க முடியாது. எந்தப் பகுதி விரிச்சுக் கிடக்கு, எது சுருண்டு கிடக்கு என்பது ஒவ்வொரு செல் வகைக்கும் வேற. மேன்டில் செல்லில் முத்துப்பூச்சுக்கான ஜீன்கள் விரிஞ்சு கிடக்கும். வேறொரு சிப்பியின் வயிற்றுக்குள் கொண்டு போய் வைத்தாலும் அந்தச் செல் தன் பழக்கத்தை மறக்காது. முத்து வளர்ப்பே இதை நம்பித்தான் நடக்குது.

9/
இப்போ மனுஷ உடம்புக்கு வருவோம்.
உங்க சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்குது. காலையில் கூட, ராத்திரி குறைச்சல். இந்த ஹார்மோனுக்கென்றே ஒரு பைலட் புரதம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் இருக்கு: குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. சாதாரண நேரத்தில் அது உட்கருவுக்கு வெளியே, துணைப் புரதங்களின் பிடியில் காத்துக்கிடக்கும். கார்ட்டிசால் வந்து ஒட்டினால்தான் புறப்படும். உட்கருவுக்குள் போய், தனக்கு அடையாளமான டி.என்.ஏ. எழுத்துத் தொடரைத் தேடிப் பிடிச்சு, “கப்பலைக் கொண்டு வா” அல்லது “நிறுத்து” என்று சொல்லும். மனித உடம்பின் இந்த ஏற்பிக்கான ஜீனை 1985-ல் ரொனால்ட் எவன்ஸ் குழு பிரித்தெடுத்தது.

10/
கார்ட்டிசால் என்பது பைலட்டுக்கு வரும் அழைப்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன்... இதெல்லாம் அதே குரலில், பல மடங்கு சத்தமா, நாம் வெளியிலிருந்து போடும் போலி அழைப்பு.
அந்த அழைப்பு “முட்டிக்கு மட்டும்” என்று விலாசம் பார்த்துப் போகாது. மாத்திரை ரத்தத்தில் கலந்தால் எல்லாத் துறைமுகத்திலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். சிப்பியில் பார்த்தோமே, ஒவ்வொரு செல்லும் விரிச்சு வச்சிருக்கும் ஜீன் வேற. அதனால அழைப்பு ஒண்ணு, பதில் வேற வேற.

11/
கல்லீரலில் என்ன பதில்? குளுக்கோஸைத் தயாரிக்கும் என்சைம்களின் ஜீன்கள் வேகமாகப் படிக்கப்படும். சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சுகர் இருக்கிறவர் முட்டி வலிக்கு செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுட்டு, “சோறு கூட குறைச்சுட்டேன் டாக்டர், ஏன் 350 காட்டுது?” என்று கேட்டால், காரணம் சோறு இல்ல. அந்தப் பொட்டலத்தில் பெயர் இல்லாமல் கிடக்கும் சின்ன மாத்திரையா இருக்கலாம்.

12/
எலும்பில்? எலும்பு கட்டும் செல்களின் வேலை குறையும். தசையில்? தசைப் புரதத்தை உடைக்கும் ஜீன்கள் ஏறும். தொடை மெலியும், முகமும் வயிறும் மட்டும் உப்பும்.
நம்ம ஊர்ல இதைப் பார்த்துட்டு, “புள்ள இப்பத்தான் பூசினாப்ல இருக்கா” என்று சந்தோஷப்படுறாங்க. அது சதை இல்லைங்க. கொழுப்பு இடம் மாறினது, கூடவே உடம்பில் தேங்கின உப்பும் தண்ணியும். “வெயிட் போட” என்று கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்தால் நடப்பது இதுதான்.

13/
தோலில்? கொல்லாஜன் ஜீன்கள் படிக்கப்படுவது குறையும். தோல் காகிதம் மாதிரி மெலியும். முதல் ரெண்டு வாரம் ரத்தக்குழாய் சுருங்கி, நிறமியும் குறைந்து முகம் வெளுக்கும். அதைத்தான் பளிச்சுனு ஆயிடுச்சு என்கிறோம். பிறகு வெயில் பட்டாலே எரிச்சல், சிவப்பு, பரு, முகத்தில் முடி, நூல் நூலா ரத்தக்குழாய். நிறுத்தினால் இன்னும் மோசமாகச் சிவக்கும். பயந்து மறுபடியும் பூசுவாங்க. இப்படியே பல மாசம் ஓடும். கண்ணைச் சுற்றிப் பூசினால் கண் அழுத்தம் ஏறி பார்வைக்கே ஆபத்து. மாநிறத்துல பொறந்த பொண்ணுக்கு கல்யாணத்துக்காக இப்படி ஒரு தண்டனை எதுக்கு?

14/
படர்தாமரைக்கு வருவோம். உப்பளத்திலும் துறைமுகத்திலும் படகிலும் வேர்வையோடு, நனைஞ்ச துணியோடு நாள் முழுக்க வேலை செய்கிற ஊர் இது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.
பூஞ்சை வந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் வேறொரு பைலட் புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பி, அழற்சி ஜீன்களைத் திறக்கும். அரிப்பும் சிவப்பும் அதனால்தான். ஸ்டீராய்டு ஏற்பி போய் அந்த பைலட்டையே தடுத்துவிடும். ரெண்டு நாளில் அரிப்பு நின்னுடும். “சூப்பர் க்ரீம்!” என்பீங்க. புயல் கூண்டை இறக்கிட்டா புயல் போயிடுமா? பூஞ்சை சத்தமில்லாம பரவும். இடுப்பிலிருந்து தொடைக்கு, உங்களிடமிருந்து மனைவிக்கு, குழந்தைக்கு.

15/
எனக்கு அதிகமா பயம் தருவது இனி சொல்லப்போவது.
உங்க மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, “கார்ட்டிசால் போதுமா?” என்று எப்பவும் கண்காணிக்கும். வெளியிலிருந்து போலி அழைப்பு வந்துகிட்டே இருந்தால், “ஏற்கெனவே தேவைக்கு மேல இருக்கே” என்று அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனுக்கான ஜீனையே மூடிவிடும். தூண்ட ஆளில்லாத அட்ரீனல் சுருங்கித் தூங்கிப்போகும். மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டாலே இது நடக்கலாம். வீரியமான க்ரீமை உடம்பில் நிறைய இடத்தில், ரொம்ப நாள் பூசினாலும் நடக்கலாம். குழந்தைகளுக்கு இன்னும் சுலபமா.

16/
அந்த நிலையில் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினால், ஒரு காய்ச்சல், ஒரு விபத்து, ஒரு ஆபரேஷன் போதும். ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், ஆள் மயங்கி விழுவார். உயிர் போகலாம். கூட வந்தவங்ககிட்ட “என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?” என்று கேட்டால், “வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு” என்றுதான் பதில் வரும். பெயர் எழுதாத பொட்டலம் என்பது டாக்டரின் கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்வது.

17/
உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: “நாங்க அப்பவே சொன்னோம், ஸ்டீராய்டே விஷம்.”
நிறுத்துங்க. உங்களோடும் எனக்குச் சண்டைதான்.
1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் குழு முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் கொடுத்தது. நகரவே முடியாமல் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950-ல் நோபல் பரிசு. 1972-ல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்மாருக்கு பீட்டாமெத்தசோன் ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறைகிறது என்று காட்டினாங்க. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நுரையீரல் செல்களில் சரியான ஜீன்கள் சரியான நேரத்தில் திறக்கின்றன. முகத்தில் பூசி நாசம் பண்றோமே, அதே பீட்டாமெத்தசோன்தான்.

18/
2020-ல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வைப் பாருங்க. தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைச்சது. ஆனா ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. அந்த இரண்டாவது வரியை நம்ம நாட்டில் எத்தனை பேர் படிச்சோம்? 2021-ல் இரண்டாம் அலையில், லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கினவங்க ஏராளம். சர்க்கரை ஏறி, எதிர்ப்பு சக்தி இறங்கி, கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவங்க இருக்காங்க.
மருந்து ஒண்ணு. யாருக்கு, எப்போ, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் உயிரும் சாவும்.

19/
ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்களே, இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு அதை நிறுத்திடாதீங்க. அது மைக்ரோகிராம் அளவில், நேரா மூச்சுக்குழாய்க்குப் போகிற மருந்து. டாக்டர் அளந்து கொடுப்பது. நான் பேசுவது அளவும் பெயரும் இல்லாமல் கொடுக்கப்படுவதைப் பற்றி.

20/
“டாக்டர், நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க. உப்பளத்துல ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு. கன்சல்டிங் ஃபீஸ் தனி. மெடிக்கல்ல பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும்.”
நியாயமான வாதம். இதற்குப் பதில் சொல்லாமல் விற்பனையாளரை மட்டும் திட்டினால் அது பாதி உண்மைதான். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தாலும் வேலை முடிஞ்சு வரும் நேரத்தில் மூடியிருந்தால் அவர் என்ன செய்வார்? உழைக்கிறவனின் நேரத்துக்கு ஏற்ப சாயங்கால ஓ.பி. வேணும் என்று கேட்பது அவர் உரிமை. நானும் சேர்ந்து கேட்கிறேன்.
ஆனா கணக்கையும் போடுங்க. முதல் வாரமே சரியான பூஞ்சை மருந்து பூசியிருந்தா சில வாரத்தில் முடிஞ்சிருக்கும். அந்த ட்யூபால் வீடு முழுக்கப் பரவி, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு, போன கூலி எவ்வளவு?

21/
“சட்டத்துல இடமிருக்கப் போய்த்தானே விக்கிறாங்க?”
இல்லை. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது உண்மை. தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் போராடினதுக்குப் பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம் வகைகளை எச் அட்டவணைக்குள் முழுசாகக் கொண்டு வந்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் தாளில் இருக்கு. ட்யூப் கவுன்ட்டரில் இருக்கு.

22/
என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டில் பெயரைக் கிறுக்கிட்டு “பூசிக்கோங்க” என்று அனுப்பினால், அந்தச் சீட்டு அஞ்சு வருஷம் கடைக்குப் போய்க்கிட்டே இருக்கும். எத்தனை நாள், எந்த இடத்தில், எவ்வளவு என்று தமிழில் எழுதுங்க. “இதுல ஸ்டீராய்டு இருக்கு” என்று வாய் திறந்து சொல்லுங்க. சீக்கிரம் சுகம் காட்டி பெயர் வாங்கணும் என்பதற்காக ஊசியில் டெக்சாவைச் சேர்க்கிறவர்கள் நம்மிலேயே இருக்காங்க. அதை மூடி மறைச்சுட்டு மெடிக்கல் ஷாப்காரரை மட்டும் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.
“மூலிகைப் பொடி, ரெண்டே வேளையில் வலி பறந்துடும்” என்று விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட சில பொடிகளைப் பரிசோதித்ததில் ஸ்டீராய்டு அகப்பட்டிருக்கு.

23/
நீங்க செய்ய வேண்டியது:
அ) எந்த ட்யூபையும் திருப்பி உள்ளடக்கத்தைப் படிங்க. பெயர் “சோன்”, “சோலோன்”, “சோனைடு” என்று முடிந்தாலோ, குளோபெட்டசால் என்று இருந்தாலோ, ஸ்டீராய்டு என்று சந்தேகப்படுங்க.
ஆ) உதிரி மாத்திரை வாங்காதீங்க. அட்டையோடு, பெயரோடு, பில்லோடு கேளுங்க.
இ) டாக்டரிடம் மூணு கேள்வி: இதுல ஸ்டீராய்டு இருக்கா? எத்தனை நாள்? எப்படி நிறுத்தணும்?
ஈ) குழந்தையின் இடுக்குகளில் சிவந்திருந்தால் வீட்டில் கிடக்கும் ட்யூபைத் தொடாதீங்க.

24/
ஏற்கெனவே வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, பயந்து இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. மூடிக்கிடக்கும் ஜீன் மறுபடி திறக்க, தூங்கும் சுரப்பி விழிக்க நேரம் வேணும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். முகத்தில் மாசக்கணக்கா க்ரீம் பூசுறவங்களும் தோல் மருத்துவரைப் பார்த்துட்டே நிறுத்துங்க. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க, ட்யூபையும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துட்டுப் போங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஏமாற்றப்பட்டது நீங்க.

25/
இந்த த்ரெட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. அதுக்கு முன்னாடி எழுந்து போய், கண்ணாடி அலமாரியிலும் ஃப்ரிட்ஜ் மேலேயும் நசுங்கிக் கிடக்கும் ட்யூபை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. புரியலைன்னா போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, உள்ளே என்ன இருக்குன்னு சொல்றேன்.